பனியே இல்லாத பினாங்கில் குண்டு டயர் சைக்கிள் எதற்கு?

2022 நவம்பர் 12, மாலை (கேள்வி)

அண்ணே, எனக்கு அக்கரையில் புக்கிட் மெர்தாஜாம், வேலை தீவில், பாயான் லெப்பாஸில். குண்டு டயர் சைக்கிள் ஒன்று விலைக்கு வருகிறது. 26 அங்குல ரிம், 4 அங்குல டயர். மணல், காடு, மேடு பள்ளம் எதில் விட்டாலும் மாட்டாது என்கிறார் விற்பவர். என் மச்சானோ, "அது பனியில் ஓட்டச் செய்த வண்டி. இங்கே வாங்குவது சித்திரை வெயிலில் கம்பளி போர்த்துகிற கதை" என்கிறார். யார் சொல்வது சரி? வாங்கலாமா?

2022 நவம்பர் 12, இரவு

வாங்காதே தம்பி.

2022 நவம்பர் 13

நேற்று இரண்டாவது ஷிப்டு முடிந்து வந்த அசதியில் ஒரு வரியோடு படுத்துவிட்டேன். காரணம் கேட்டிருக்கிறாய், நியாயம்தான்.

என்னிடம் அதே மாதிரி வண்டி ஒன்று 2020-லிருந்து இருக்கிறது. கொரோனா நடமாட்டக் கட்டுப்பாடு கொஞ்சம் தளர்ந்த சமயம், ஊரே சைக்கிள் வாங்கிக்கொண்டிருந்தது. எனக்கும் ஆசை. பழைய வண்டி, 1,900 வெள்ளி (ரிங்கிட்). எடை 16 கிலோ. ஜெலுத்தோங்கிலிருந்து பத்து ஃபெரிங்கி கடற்கரைக்குத் தார் ரோட்டிலேயே மிதித்துப் போனேன். வழியில் தஞ்சோங் பூங்கா என்ற ஊரைத் தாண்டுவதற்குள் தொடை கல்லாகிவிட்டது. டயர் ரோட்டில் "ரூம்ம்" என்று கத்துகிறது, பின்னால் வந்த பஸ்காரர் ஏதோ மோட்டர் என்று நினைத்து ஹார்ன் அடிக்கிறார்.

சரி, மணலுக்கு வந்துவிட்டோம், இனி நம் ராஜ்யம் என்று இறக்கினேன். இருபது அடி போயிருப்பேன். முன் சக்கரம் புதைந்தது, நான் ஹேண்டிலுக்கு மேலே. அங்கே சுற்றுலாப் பயணிகளைக் குதிரையில் ஏற்றிக் காசு பார்ப்பவர்கள் உண்டு. அதில் ஒரு அங்கிள் குதிரையை நிறுத்திப் பார்த்துவிட்டு, "மேலே வராதே, தண்ணி ஓரமாப் போ" என்று மலாயில் சொன்னார். அன்றைக்கு அதை நக்கல் என்று எடுத்துக்கொண்டேன். குதிரைக்காரர்கள் எல்லோரும் ஈரமணலில்தான் போகிறார்கள் என்பதைக் கவனிக்க எனக்கு இன்னும் மூன்று மாதம் ஆனது.

ஆகவே, விற்பவர் சொல்வது பொய். வண்டி தாராளமாக மாட்டும்.

2022 நவம்பர் 15

"அண்ணனுக்கு ஓட்டத் தெரியவில்லை, பழியை வண்டி மேல் போடுகிறார்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். முக்கால்வாசி உண்மை. மீதிக் கால்வாசி, எனக்குக் காற்று அடிக்கத் தெரியவில்லை.

அன்றைக்கு டயரில் இருந்தது 30 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்று காற்றழுத்தத்தை அளப்பது). சாதாரண மலை சைக்கிளுக்கு அது சகஜம். குண்டு டயருக்கு அது பாறாங்கல். மணலில் எனக்குச் சரிப்படுவது 7, 8. இறுகிய மண் பாதைக்கு 10, 12. தார் ரோட்டில் 15, 18.

கணக்கு எளிது. நானும் வண்டியும் சேர்ந்து 95 கிலோ, அதாவது 209 பவுண்டு. 30 பி.எஸ்.ஐ.-யில் அந்த எடையைத் தாங்க இரண்டு டயரும் சேர்ந்து தரையைத் தொடும் பரப்பு சுமார் 7 சதுர அங்குலம். இரண்டரைத் தீப்பெட்டி என்று வைத்துக்கொள். 8 பி.எஸ்.ஐ.-யில் அது 26 சதுர அங்குலம், ஒரு தபால் அட்டையைவிடக் கொஞ்சம் பெரிது. மணலில் 95 கிலோவைத் தீப்பெட்டி மேல் நிறுத்துகிறாயா, அட்டை மேல் நிறுத்துகிறாயா என்பதுதான் விஷயம். டயரின் அகலம் அதற்கு இடம் கொடுக்கிறது, அவ்வளவே. காற்றைக் குறைக்காதவரை குண்டு டயரும் ஒல்லி டயர்தான்.

அப்புறம் கட்டைவிரல் சோதனை. நாமெல்லாம் சின்ன வயதிலிருந்து டயரை அழுத்திப் பார்த்துக் காற்று போதும், போதாது என்று சொல்லிப் பழகியவர்கள். குண்டு டயரில் அது ஏமாற்றும். உள்ளே காற்று அழுத்தம் ஒன்றாக இருந்தாலும் டயர் பருமனாக ஆக அதன் தோல் அதிகமாக இழுபடும். 2 அங்குல டயர் 30-இல் எவ்வளவு விறைப்பாக இருக்குமோ, 4 அங்குல டயர் 15-லேயே அவ்வளவு விறைப்பாக இருக்கும். விரலுக்குத் தெரிவது விறைப்புதான், பி.எஸ்.ஐ. இல்லை. நான் விரலை நம்பி அடித்தேன், குதிரைக்கார அங்கிள் முன்னால் விழுந்தேன்.

2022 நவம்பர் 15, இன்னொன்று

மேலே போட்ட கணக்கு தோராயம். டயரின் சுவரும் கொஞ்சம் எடையைத் தாங்கும், அதனால் பரப்பு அச்சு அசலாக அப்படி வராது. இன்ஜினியர் யாராவது சண்டைக்கு வருவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

வீட்டில் இருக்கும் நின்றடிக்கிற பம்பின் மீட்டர் 160 வரை போகும். அதில் 8 எங்கே, 12 எங்கே என்று கண்டுபிடிக்க முடியாது, ஊசி அங்கே தூங்கிக்கொண்டிருக்கும். 0 முதல் 15 வரை மட்டும் காட்டும் சின்ன கேஜ் தனியாகக் கிடைக்கிறது. சைக்கிளுக்கு முன்னால் அதை வாங்கு. சைக்கிளை வாங்காதே என்றுதான் சொன்னேன், ஆனாலும்.

2022 நவம்பர் 20

ஒரு திருத்தம். முந்தாநாள் தனிச் செய்தியில் உன் மச்சான் பக்கம் பேசி, "ஆமாம், அது அலாஸ்காவில் பனிக்காகவே பிறந்த வண்டி" என்று எழுதியிருந்தேன். பாதிதான் சரி.

அலாஸ்காவில் 1980-களின் கடைசியிலேயே நாய் வண்டிகள் ஓடும் இடிடரோட் பனிப்பாதையில் சைக்கிள் பந்தயம் ஆரம்பித்துவிட்டது. சாதாரண டயர் புதைந்ததால் ஆட்கள் இரண்டு ரிம்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒட்டவைத்துப் பார்த்தார்கள். பிறகு ஃபேர்பேங்க்ஸில் சைமன் ரேக்கவர் 44 மில்லிமீட்டர் அகல ரிம் செய்து விற்றார். இது பனிப் பக்கத்துக் கதை. மணல் பக்கத்துக் கதை நியூ மெக்சிகோவில் நடந்தது. ரே மொலினா என்பவர் பாலைவன மணலில் ஓட்டுவதற்காக 82 மில்லிமீட்டர் ரிம்மும் அதற்கேற்ற டயரும் செய்வித்தார். அலாஸ்காக்காரரான மார்க் க்ரோன்வால்ட் அந்தச் சக்கரத்தைப் பார்த்துவிட்டுத் தன் ஊருக்குக் கொண்டுபோய் வண்டி கட்டினார். 2005-இல் சர்லி நிறுவனம் பக்ஸ்லி என்ற வண்டியைக் கொண்டுவந்த பிறகுதான் கடையில் போய் யாரும் வாங்கலாம் என்ற நிலை வந்தது. அதன் டயர் 3.7 அங்குலம்.

ஆக, அம்மா வழி பனி, அப்பா வழி மணல். மச்சானிடம் இதைச் சொல். கம்பளிக் கதையை அவர் வாபஸ் வாங்கட்டும்.

2022 டிசம்பர் 3

இன்றைக்குச் சீட்டுத் தண்டைக் கழற்ற மூன்று பேர் தேவைப்பட்டோம். நான், பக்கத்து வீட்டு ஆ பெக் (சீனப் பெரியவர்), அவர் மகன். அலுமினியத் தண்டு, இரும்புச் சட்டம், நடுவில் இரண்டு வருடக் கடல் உப்பு. மூன்றும் சேர்ந்து ஒரே உலோகமாகிவிட்டன. வண்டியைத் தலைகீழாகத் திருப்பி, தண்டை வைசில் இறுக்கி, சட்டத்தையே ஸ்பானர் மாதிரி பிடித்து முறுக்கினோம். "கிறீச்" என்று ஒரு சத்தம், மூன்று பேரும் பின்னால் போய் விழுந்தோம்.

கடற்கரையில் ஓட்டினால் அன்றே நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். பீய்ச்சி அடிக்கும் குழாய் வேண்டாம், அது உப்பையும் மணலையும் பெடல் அச்சுக்குள்ளும் சக்கர அச்சுக்குள்ளும் தள்ளிவிடும். வாளித் தண்ணீர், கந்தல் துணி போதும். தண்டுக்கு மாதம் ஒரு முறை கிரீஸ். கடல் ஓரம் ஓட்டு என்று நான் சொல்வதே ஈரமணலில், அங்கே உப்பு இன்னும் அதிகம் என்பது வேறு விஷயம்.

செயினைப் பற்றிப் பேசவே வேண்டாம். வருடத்துக்கு இரண்டு.

2022 டிசம்பர் 18

எதிலும் மாட்டாது என்று சொன்ன அந்த விற்பனையாளரைப் பூலாவ் பெத்தோங்குக்கு அழைத்து வா.

விடுமுறை நாள், பாலிக் பூலாவ் பக்கம் வயலோரம் சுற்றிவிட்டுக் கடலுக்குப் போகும் குறுக்குப் பாதை என்று நினைத்து அலையாத்திக் காட்டு ஓரமாக இறங்கிவிட்டேன். முதல் ஐம்பது அடி நன்றாகத்தான் போனது. பிறகு டயர் உருளுவதை நிறுத்திவிட்டுச் சேற்றைச் சுருட்ட ஆரம்பித்தது. மணல் உதிரும், சேறு ஒட்டும். 4 அங்குல டயர் என்றால் 4 அங்குல அகலத்துக்குச் சேறு. அது சட்டத்துக்கும் டயருக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில் போய் அடைத்துக்கொண்டது, சக்கரம் பூட்டுப் போட்ட மாதிரி நின்றுவிட்டது. 16 கிலோ வண்டி அன்றைக்கு 25 கிலோ இருந்திருக்கும். தோளில் தூக்கினால் கால் முழங்கால் வரை இறங்குகிறது. ஒரு செருப்பு இன்னும் அங்கேதான் இருக்கிறது.

வலை உலர்த்திக்கொண்டிருந்த மீனவர் ஒருவர் பலகை ஒன்றைத் தூக்கிப் போட்டார். அவர் வீட்டுக் குழாயிலேயே வண்டியைக் கழுவிக்கொள்ளவும் விட்டார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது இன்னும் வெட்கமாக இருந்தது.

மணலிலும் பனியிலும் இந்தச் சக்கரம் மிதக்கும், சேற்றில் முழுகும். செம்மண் மழையில் ஊறிக் களியாக இருக்கும்போதும் இதே கதைதான். மழை விட்டு ஒரு நாள் காயவிட்டுப் போ.

2022 டிசம்பர் 19

"பாசிர் பாஞ்சாங் போயிருக்கலாமே, அங்கே மணல்தானே" என்று கேட்டிருக்கிறார்கள். போயிருக்கிறேன். நல்ல மணல், ஆளும் குறைவு. 2004 சுனாமியில் அந்தக் கரையில் குடும்பம் குடும்பமாகப் போனவர்கள் நினைவு வரும், அதிக நேரம் நிற்கமாட்டேன்.

2023 ஜனவரி 9, மினியாப்பொலிஸ்

அமெரிக்காவில் மகள் வீட்டுக்கு வந்திருக்கிறோம், அவளுக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது. மனைவி பேரனைப் பார்க்க வந்தாள், நானும் அப்படித்தான் என்று இமிகிரேஷனில் சொன்னேன். சர்லி இருப்பது இதே மினசோட்டாவில். ஊர் முழுக்கக் குண்டு டயர். வேலைக்குப் போகிறவர்கள், கடைக்குப் போகிறவர்கள், எல்லாம் சாதாரணமாக அதில் போகிறார்கள்.

போன வாரம் கொட்டிய பனி வீட்டு வாசல் தபால் பெட்டிவரை நிற்கிறது. மகள் ஃபோனைப் பார்த்து, "இன்னிக்கு ஜீரோதாம்ப்பா" என்றாள். ஜீரோ என்றால் நம் ஊர் ஐஸ் பெட்டி மேல்தட்டு, பார்த்துக்கொள்ளலாம் என்று ஒற்றைச் சட்டையோடு கதவைத் திறந்தேன். இவர்கள் ஜீரோ ஃபாரன்ஹீட்டாம். நம் கணக்கில் மைனஸ் 18. மூக்கு முடி உறைந்து ஊசியாகக் குத்தியது. கதவை மூடிவிட்டேன்.

2023 ஜனவரி 14, மினியாப்பொலிஸ்

ஒரு நாள் வாடகைக்கு வண்டி எடுத்தேன். கடைப் பையன் எட்டு பி.எஸ்.ஐ. வைத்துக் கொடுத்தான். மணலில் நான் வைப்பது அதுதானே, பெரிய மனுஷன் மாதிரி தலையாட்டினேன். வெளியே போய்ப் பத்து நிமிடத்தில் ரிம் தரையில் இடிக்கிறது. பஞ்சர் என்று நினைத்துத் திரும்பி வந்தேன். பையன் சிரித்தான்.

பஞ்சர் இல்லை. கடைக்குள் 20 டிகிரி, வெளியே மைனஸ் 20. காற்று குளிர்ந்தால் சுருங்கும் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததுதான், ஆனால் சுருங்குவது கேஜ் காட்டும் 8 மட்டும் இல்லை. வெளிக் காற்றின் 14.7-ஐயும் சேர்த்து 22.7-க்குக் கணக்குப் போட வேண்டும். 22.7 ஏழில் ஒரு பங்கு குறைந்து 19.6 ஆகிறது. 14.7-ஐக் கழித்தால் மிச்சம் 5 கூட இல்லை. கார் டயரில் இது பெரிதாகத் தெரியாது. எட்டே வைத்திருப்பவனுக்கு மூன்று போனால் வீட்டில் பாதி போன மாதிரி.

இதை எழுதும்போதுதான் தோன்றுகிறது, பினாங்கில் இது தலைகீழாக நடக்கும். காலையில் 8 வைத்து வண்டியை வெயிலில் நிறுத்திவிட்டு ரொட்டி சானாய் சாப்பிட்டு வந்தால் பத்துக்குப் பக்கத்தில் நிற்கும். மூன்று வருடமாக நான் மணலுக்குள் இறங்குவதற்கு முன் காற்றைச் சரிபார்த்ததே இல்லை. வீட்டில் பார்த்துவிட்டு வருவேன். நவம்பர் 15-இல் நான் எழுதிய எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளாதே, மணல் ஓரத்தில் நின்று பார்.

2023 ஜனவரி 15

நேற்று ஓட்டியதைச் சொல்லவே இல்லை. தியடோர் வெர்த் பூங்காவில் குண்டு டயருக்கென்று பனியை இறுக்கிப் பாதை போட்டிருக்கிறார்கள். இறுகிய பாதையில் வண்டி பாய் மேல் போவது போலப் போகிறது. பாதையை விட்டு ஒரு முழம் விலகினால் முன் சக்கரம் மாயம், நாம் பனிக்குள் தலைகுப்புற. முழங்கால் ஆழப் புதுப்பனியில் இந்த வண்டியும் போகாது என்பதை அறிந்ததில் எனக்கொரு ஆறுதல்.

விழுவதில் வலி இல்லை. குதிரைக்கார அங்கிள் இல்லாத பத்து ஃபெரிங்கி.

கடுங்குளிர்ப் பனி நான் நினைத்த மாதிரி ஈரமாக இல்லை. உலர்ந்து, பொடிப்பொடியாக, மிதித்தால் சோள மாவை விரல்களுக்கு நடுவில் நசுக்கினால் வருமே, அந்தச் சத்தம். அது மணலேதான். உடம்பைப் பின்னால் வைத்து முன் சக்கரத்தை லேசாக்கு, ஹேண்டிலை வெடுக்கென்று திருப்பாதே, பிரேக்கைத் தொடாதே, மிதியை நிறுத்தாதே. மணலில் மூன்று வருடம் விழுந்து கற்றது இங்கே அரை நாளில் கைகொடுத்தது. கடைப் பையன், "பனியில் ஓட்டியிருக்கிறீர்களா?" என்று கேட்டான். இல்லை, பினாங்கு என்றேன். அவன் அதைப் பனிப்பிரதேசம் என்று எண்ணிக்கொண்டான்.

பூங்காவில் ஒரு வழக்கம் பிடித்தது. உன் டயர் ஓர் அங்குலத்துக்குமேல் தடம் பதித்தால் பாதை இன்னும் இறுகவில்லை, வீட்டுக்குப் போ. யாரும் காவல் நிற்பதில்லை. ஆனாலும் போகிறார்கள்.

2023 ஜனவரி 29, மினியாப்பொலிஸ்

உறைந்த ஏரிமேல் ஓட்டலாம், 4 அங்குலப் பனிக்கட்டி இருந்தால் ஆள் நடக்கலாம், இங்கே அதைவிடப் பல மடங்கு இருக்கிறது என்றார் மருமகன். மேலே பனி மூடிய இடம் சரி. காற்று துடைத்துவிட்ட வெறும் கண்ணாடிக்கட்டியில் குண்டு டயர் ஒரு பிரயோஜனமும் இல்லை. அகலம் எதற்கும் உதவாது, ஆணி பதித்த டயர் வேண்டும். இடுப்பில் தேங்காய் அளவுக்கு ரத்தக்கட்டு. மனைவியிடம் படிக்கட்டில் வழுக்கியதாகச் சொல்லியிருக்கிறேன். அவள் இந்தப் பக்கம் வரமாட்டாள்.

2023 பிப்ரவரி 1

வந்துவிட்டாள்.

2023 பிப்ரவரி 6

குளிர் உடுப்பு பற்றிக் கேட்டவருக்கு: கனமான ஒரே கோட்டு வேண்டாம், வியர்த்து, நின்றதும் உறைந்துவிடும். மெல்லியதாக மூன்று. கைக்குக் கையுறை போதாது. ஹேண்டிலையே மூடும் பெரிய பை மாதிரி ஒன்று மாட்டிக்கொள்கிறார்கள், உள்ளே மெல்லிய கையுறையோடு கை சூடாக இருக்கிறது. கால் விரலுக்கு மருந்து கிடையாது, இறங்கி நடப்பதுதான். ஃபிளாஸ்கில் சுக்குக் காப்பி கொண்டுபோனேன், மருமகனின் நண்பர்கள் பாதியைக் காலி செய்துவிட்டார்கள்.

இந்த மாநிலத்தின் வடக்கே ஜனவரிக் கடைசியில் ஆரோஹெட் 135 என்று ஒரு பந்தயம் நடக்கிறது. 135 மைல், 217 கிலோமீட்டர், 60 மணி நேரத்துக்குள். தூங்கும் பை கட்டாயம். நடந்தும் போகலாம், பனிச்சறுக்கிலும் போகலாம், நிறையப் பேர் குண்டு டயரில். 2014 ஜனவரியில் டேனியல் பர்ட்டன் என்ற அமெரிக்கர் இப்படி ஒரு வண்டியை மிதித்துத் தென் துருவத்துக்கே போய்ச் சேர்ந்தார். நான் பால் வாங்கப் போய் வந்தேன்.

2023 மார்ச் 19, பினாங்கு

வந்து சேர்ந்தாகிவிட்டது. தாவரப் பூங்காவிலிருந்து பினாங்கு மலைக்கு ஏறும் ஜீப் ரோட்டில் வண்டியை ஏற்றினேன். ஐந்து கிலோமீட்டர் சொச்சம், உச்சி 833 மீட்டர். தயவு செய்து குண்டு டயரில் முயலாதீர்கள். மூன்று இடத்தில் தள்ளினேன், சிமெண்டுத் தரையில் இந்த டயரின் ஒட்டுதல் உதவியைவிடச் சுமைதான். நடந்து ஏறிய அக்கா ஒருவர் என்னைத் தாண்டிப் போய், மேலே இளைப்பாறி, கீழே இறங்கும்போதும் என்னைப் பார்த்தார்.

இறங்கும்போது காற்றை 8-லேயே விட்டிருந்தேன். கெட்டித் தரையில் குறைந்த காற்று என்றால் முன் சக்கரம் வளைவில் ஹேண்டிலைத் தானே பிடித்து இழுக்கும். மாடு கயிற்றை இழுக்கிற மாதிரி. மேலேயே 15-க்கு அடித்துக்கொண்டிருக்க வேண்டும். பம்பு வீட்டில் இருந்தது.

முழங்கால் வலி பற்றியும் ஒன்று. இந்த வண்டியில் டயருக்கு இடம் விடுவதற்காகப் பெடல் அச்சுக் குழாயே 100 மில்லிமீட்டர் அகலம். சாதாரண வண்டியில் 68 அல்லது 73. கால் இரண்டும் அகன்று மிதிக்க வேண்டியிருக்கிறது. சிலருக்கு ஒன்றும் செய்யாது. எனக்கு இரண்டு மணி நேரத்துக்குமேல் முட்டிக்கு உள்பக்கம் வலிக்கிறது. வாங்கும் முன் ஒரு மணி நேரமாவது ஓட்டிப் பார்.

2023 ஏப்ரல் 16

புத்தாண்டுக்கு அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். இந்தக் காற்றுப் புராணத்தைச் சாப்பாட்டில் ஆரம்பித்தேன். அண்ணன் இலையிலிருந்து நிமிராமலே, "அப்பா இதைத்தான் செய்வாரு" என்றார்.

எனக்கு மறந்தே போயிருந்தது. கெடாவில் ரப்பர் தோட்டம். அப்பா விடியுமுன் மரம் சீவப் போவார், பத்து மணிக்குமேல் பால் வாளிகளைக் கேரியரில் கட்டிக்கொண்டு கொட்டாய்க்கு வருவார். பழைய கறுப்பு சைக்கிள், ஒல்லி டயர். மழைக் காலத்தில் செம்மண் ரோடு எண்ணெய் தடவியது போல இருக்கும், பால் கொட்டினால் அன்றைய கூலி போச்சு. அப்பா வாசலில் உட்கார்ந்து வால்வு மூடியைத் திருகி "உஸ்ஸ்" என்று காற்றை விடுவார். கேஜ் ஏது, காதுதான் கேஜ்.

2023 ஏப்ரல் 17

அண்ணன் இதைப் படித்துவிட்டு ஃபோன் செய்தார். இரண்டு டயரிலும் இல்லையாம், முன் டயரில் மட்டும்தான் விடுவாராம். பின்னால் பால் வாளியின் பாரம், காற்றை விட்டால் டியூப் ரிம்மில் நசுங்கி வெட்டுப்படும். "நீ சின்னப் பையன், உனக்கு உஸ்ஸ் சத்தம் மட்டும்தான் ஞாபகம்" என்றார். நான் இப்போது முன்னால் 7, பின்னால் 8.5 வைத்துப் பார்க்கிறேன். நன்றாகத்தான் இருக்கிறது.

2023 மே 2

மினியாப்பொலிஸில் அந்தக் குளிர்காலக் கணக்கு மொத்தம் 90 அங்குலம் தாண்டிவிட்டதாம். அந்த ஊரில் பனி அதிகம் கொட்டிய காலங்களில் ஒன்று. மருமகன் சொல்கிறார், "மாமா வந்த ராசி."

இங்கே ஆமைக் காலம் தொடங்கிவிட்டது, அதனால் ஒரு வேண்டுகோள். தேசியப் பூங்காவில் கெராச்சூட் கடற்கரையில் ஆமைக் காப்பகம் இருக்கிறது. ஏப்ரலிலிருந்து ஆகஸ்டு வரை பச்சை ஆமை, செப்டம்பரிலிருந்து பிப்ரவரி வரை பங்குனி ஆமை முட்டையிட வரும். பங்குனி ஆமை இங்கே பங்குனியில் வராது, பெயர் வைத்தவர்கள் வேறு கடல்காரர்கள். முட்டை இருப்பது அலை தொடாத மேல் மணலில். நாம் ஓட்ட வேண்டியது அலை தொட்டுப் போகும் கீழ் மணலில். கெராச்சூட்டுக்கு நான் நடந்துதான் போனேன், வண்டியைக் கொண்டுபோகவில்லை. எந்தக் கரையானாலும் காய்ந்த சருகும் பாசியும் ஒதுங்கிய கோட்டுக்கு மேலே சக்கரம் ஏற்றாதே, இரவில் லைட் போட்டுக்கொண்டு சுற்றாதே.

பாதை முள்ளைப் பற்றிக் கேட்டவர்களுக்கு: பிரம்பு முள். டியூபைத் தூக்கிவிட்டு உள்ளே பசைத் திரவம் ஊற்றிக்கொண்டேன். நம் வெப்பத்தில் அது சீக்கிரம் காய்ந்துவிடுகிறது, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை திறந்து பார்க்க வேண்டும். நான் பார்க்கவில்லை. உள்ளே ரப்பர் பால் கட்டி மாதிரி உருண்டையாகக் கிடந்தது.

2023 ஆகஸ்டு 20

புது ஃபெர்ரியில் வண்டியோடு அக்கரை போய் வந்தேன். கார் ஏற்றுவதில்லை, ஆளும் மோட்டரும் சைக்கிளும்தான். பாலத்தில் சைக்கிளை விடமாட்டார்கள் என்பதால் நமக்கு இதுதான் வழி. பட்டர்வொர்த்தில் இறங்கித் தெலுக் ஆயர் தாவார் ரோபினா கடற்கரை வரை மிதித்தேன். அங்கே நம் தம்பியும் வந்திருந்தான், கேள்வி கேட்ட அதே தம்பி. அந்தப் பழைய வண்டியை அவன் வாங்கவில்லையாம், வாடகைக்கு ஒன்று எடுத்து வந்திருந்தான்.

ரோபினாவில் நான் இதுவரை சொன்னது தலைகீழ். பத்து ஃபெரிங்கியில் தண்ணீர் வற்றும் நேரம் பார்த்துப் போ என்பேன், ஈரமணல் அகலமாகக் கிடைக்கும். அந்த நேரம் தினமும் ஐம்பது நிமிடம் போல் தள்ளிப் போகும், அதையும் கணக்கில் வை. இங்கே மணல் ஒரு பட்டை மட்டும்தான், தண்ணீர் வற்றினால் கீழே தெரிவது சேறு. வெளிநாட்டுப் பறவைகள் குளிர்காலத்துக்கு வந்து இரை தேடும் சேறு, அவற்றுக்கு நல்லது, நமக்கு இல்லை. அதனால் தண்ணீர் பாதி இருக்கும்போது மேல் பட்டையிலேயே ஓட்டினோம். பூலாவ் பெத்தோங் செருப்பு ஞாபகம் வந்தது.

தம்பி முதல் முறையே விழவில்லை. 7 வைத்துக் கொடுத்தேன், ஓரமாகப் போ என்றேன். மூன்று வருடம் நான் பட்டதை இரண்டு வார்த்தையில் முடித்துக்கொண்டான். கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது. பிறகு மாமாக் கடையில் தே ஓ கொசோங் (பாலும் சீனியும் போடாத டீ) அவன் கணக்கு.

2023 அக்டோபர் 8

முதல் நாள் எழுதிய "வாங்காதே தம்பி"-யை அழித்துவிடலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும். தினமும் வேலைக்குப் போக வாங்குகிறவனுக்கு இன்னும் அதைத்தான் சொல்வேன்.

இவன் போன வாரம் வாங்கிவிட்டான், வேறொருவரிடம், 1,400 வெள்ளிக்கு. மச்சான் ஓட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தரவில்லையாம். கம்பளிக் கதை சொன்ன அதே மச்சான்.

தம்பி, ஞாயிறு காலை ஏழு மணிக்குப் பத்து ஃபெரிங்கி. என் கேஜ் உன்னிடம் இருக்கிறது, கொண்டு வா.